பழைய வேலைமேசைக்குத் துணையாக ஒரு தூக்குமேசை

தென்னாப்பிரிக்கக் கடற்கரை நகரமான டர்பன் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருப்பவர்கள் 300 கிலோ வரை தூக்கும் இந்தக் கால்மிதி ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) தூக்குமேசையைத் தாராளமாக வாங்கலாம். கரண்ட் வேண்டாம், மின்வெட்டிலும் வேலை நிற்காது. பழைய மேசை மட்டத்துக்கு ஏற்றி, கியர்பாக்ஸை அப்படியே நகர்த்திவிடலாம். இடுப்பு பிழைக்கும். முதலில் உங்கள் மேசையை அளந்துவிடுங்கள். இது 90 செ.மீ.க்கு மேல் ஏறாது.

மிதித்தும் தட்டு எழும்பவில்லையா? எண்ணெயில் காற்று புகுந்திருக்கும். பாரம் இல்லாமல், இறக்கும் பிடியை அழுத்தியபடியே பத்துப் பதினைந்து தடவை மிதியுங்கள். ஏற்றிய பாரம் மெல்ல இறங்கினால் வால்வில் தூசி, அல்லது எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் தேய்ந்துவிட்டது. பாரம் நடுவில்தான் இருக்க வேண்டும். ஓரத்தில் வைத்தால், தட்டைத் தாங்கும் கத்தரிக்கோல் வடிவக் கால்கள் கோணிக்கொள்ளும்.

பிரேக் இரண்டு சக்கரத்துக்கு மட்டும். அது குறைதான். கடற்காற்றில் அந்தக் கத்தரிக்கால்களின் மூட்டுகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை கிரீஸ் வையுங்கள்.