முழு வீட்டுக்கும் ஜெனரேட்டரா, முக்கியமானதற்கு மட்டுமா?

மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் வாங்குவது என்று முடிவானதும் வீட்டில் வாக்குவாதம் தொடங்கியது. மொத்த வீட்டையும் தாங்கும் 7.5 கே.வி.ஏ. (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) வாங்குவதா, 2 கே.வி.ஏ. வாங்கி முக்கியமானதற்கு மட்டும் கொடுப்பதா? நான் சின்னதைத்தான் வாங்கினேன். அதனால் இது நடுநிலையான அலசல் என்று சொல்ல மாட்டேன்.

பெரியதின் வசதி தெரிந்ததுதான். ஏசி, கீசர், தண்ணீர் மோட்டார் எல்லாம் யோசிக்காமல் போடலாம். விலையும் சத்தமும் அதிகம். சரி, அதை விடுங்கள். என்னை முடிவெடுக்க வைத்தது எரிபொருள்.

ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டேன். ஃபிரிட்ஜ் 150 வாட், மூன்று ஃபேன் 210, ஐந்து எல்இடி பல்பு 45, மோடம் 10, போன், லேப்டாப் சார்ஜ் 80. மொத்தம் 495 வாட். இந்தச் சொற்ப லோடுக்கும் பெரிய ஜெனரேட்டரின் இன்ஜின் முழு லோடுக்குச் சுற்றும் அதே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். லோடு பத்தில் ஒரு பங்கானாலும் எரிபொருள் அந்த அளவுக்குக் குறையாது. டீசல் என்றால் இன்னொரு தொல்லை: குறைந்த லோடிலேயே நெடுநேரம் ஓடினால் எரியாத டீசலும் கரியும் சைலன்சரில் படியும். என்னுடையது இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர். லோடு குறைந்தால் இன்ஜினும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ராத்திரி ஃபேன் மட்டும் ஓடும்போது வெறும் முனகல்தான்.

சின்னதில் சங்கடம் ஸ்டார்ட்டிங் லோடு. மோட்டார் உள்ள எதுவும் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். 1 எச்பி தண்ணீர் மோட்டாரை ஒருதடவை போட்டுப் பார்த்தேன். இன்ஜின் உறுமியது, ஓவர்லோடு விளக்கு சிவந்தது, சப்ளை நின்றது. அப்புறம் கரண்ட் இருக்கும்போதே தொட்டியை நிரப்பிவிடுகிறோம். ஃபிரிட்ஜை முதலில் தனியாகக் கிளப்பிவிட்டுத்தான் மற்றதைப் போடுவேன். அதுவும் தொடர்ந்து ஓட வேண்டியதில்லை. கதவைத் திறக்காமல் விட்டால் 4 மணி நேரம் குளிர் தாங்கும். அந்த இடைவெளியில் வாஷிங் மெஷினைப் போட்டுக்கொள்ளலாம்.

ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் மாதிரி நிற்கவே கூடாத கருவி உள்ள வீட்டில் நான் ஓட்டிப் பார்த்ததில்லை. பெட்ரோல் ஊற்ற நிறுத்தும் ஐந்து நிமிடத்துக்குக்கூட அங்கே பேட்டரி வேண்டும். என் கணக்கு அங்கே எடுபடாமல் போகலாம்.

எதை வாங்கினாலும் வீட்டு வயரிங்கில் கொடுப்பதென்றால் தெரு மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் இணையாமல் தடுக்கும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் கட்டாயம். இல்லையென்றால் உங்கள் மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய், அங்கே வேலை பார்ப்பவரைத் தாக்கும். ஜெனரேட்டரை வெளியே, ஜன்னலிலிருந்து 6 மீட்டராவது தள்ளி வையுங்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் வாயு, அதற்கு வாசனை கிடையாது.

பராமரிப்பு பெரிதாக இல்லை. மாதம் ஒருமுறை கால் மணி நேரம் ஓட்டுகிறேன். முதல் வருடம் அதைக்கூடச் செய்யாமல் பழைய பெட்ரோலோடு விட்டுவிட்டேன். கார்புரேட்டர் அடைத்துக்கொண்டது, இருட்டில் நின்று இருபது தடவை கயிறு இழுத்தேன். பெரியதில் செல்ஃப் ஸ்டார்ட் இருக்கும். அந்தப் பொறாமை எனக்கு இன்னும் உண்டு.