விறகு அடுப்பு விசிலடித்தால்: தாழ்ப்பாளா, கயிறா, புகைக்குழாயா?

இரும்பு விறகு அடுப்பு விசிலடிக்க ஆரம்பித்ததும் முதலில் எல்லோருக்கும் தோன்றுவது கதவைச் சுற்றியிருக்கும் கண்ணாடியிழைக் கயிற்றை மாற்றலாம் என்பதுதான். நானும் அப்படித்தான் ஒரு கயிற்றை வீணாக்கினேன். ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து பழசைச் சுரண்டி, புதுசை ஒட்டி, பசை காய்ந்ததும் நெருப்பு மூட்டினால் அதே சுருதியில் அதே விசில். காற்று வாயை மூடித் திறக்கும் தகடு லேசாக வளைந்திருந்தது. அடுப்பு ஆறியதும் இடுக்கியால் ஒரு அழுத்து அழுத்தினேன், சத்தம் நின்றுபோனது.

அடுப்பு போடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் இரண்டு மூன்று வைத்தியங்கள் போட்டி போடும். எல்லாமே சரியான வைத்தியங்கள்தான். எதை முதலில் செய்வது என்பதில்தான் ஏமாந்துபோகிறோம்.

விசிலையே எடுத்துக்கொள்வோம். சிறிய இடுக்கு வழியாகக் காற்று வேகமாக நுழையும்போது வரும் சத்தம் இது. இடுக்கு கதவிலும் இருக்கலாம், காற்று வாயிலும் இருக்கலாம், கண்ணாடி ஓரத்திலும் இருக்கலாம். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, விசில் அடிக்கும்போதே கதவை நன்றாக அழுத்திப் பாருங்கள். சத்தம் மாறினால் கதவுதான். காற்று வாயின் பிடியை நகர்த்தும்போது சுருதி கூடவே ஏறி இறங்கினால் அந்தத் தகடு.

கதவு என்று தெரிந்த பிறகுதான் தாழ்ப்பாளா கயிறா என்ற கேள்வி வரும். தாழ்ப்பாளை இறுக்குவது ஐந்து நிமிட வேலை, செலவும் கிடையாது. ஆனால் அது பலிப்பது ஒரே நிலைமையில்தான்: கயிறு இன்னும் மெத்தென்று இருந்து, கொஞ்சம் மட்டும் அமுங்கியிருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க அடுப்பு ஆறியிருக்கும்போது ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் பத்து இடத்தில் செய்ய வேண்டும். கதவு சரியாக இருந்தால் காகிதம் பிடித்துக்கொண்டு வர மறுக்கும். தாழ்ப்பாள் பக்கம் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் தாழ்ப்பாளை இறுக்கினால் போதும். கீல் பக்கம் வழுக்கினால் தாழ்ப்பாளை எவ்வளவு இறுக்கியும் பிரயோசனமில்லை, கீலைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே வழுக்கி, கயிறும் தொட்டால் கட்டையாக, பளபளவென்று இருந்தால் அதற்கு ஆயுள் முடிந்துவிட்டது.

கயிறு மாற்றுவதென்று முடிவானால் தடிமனில் கஞ்சத்தனமும் கூடாது, தாராளமும் கூடாது. பழைய கயிறு நசுங்கியிருக்கும் என்பதால் அதன் அளவை நம்பாதீர்கள். அடுப்பின் கையேட்டில் இருக்கும் அளவே சரி. தடித்த கயிறு போட்டால் கதவு மூடவே அடம்பிடிக்கும், வம்பாக மூடினால் கண்ணாடிக்கு ஆபத்து. ஒட்டும்போது கயிற்றை இழுத்து நீட்டக் கூடாது. நீட்டினால் மெலிந்துவிடும், இடுக்கு திரும்ப வந்துவிடும். பள்ளத்தில் லேசாக நெருக்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஒரு எச்சரிக்கை: பல பத்தாண்டு பழைய அடுப்புகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கயிறு இருந்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசி கிளப்பாமல், விவரம் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்தது ‘குபுக்... குபுக்’ என்று அடுப்பு விக்கும் சத்தம். சில சமயம் அதோடு கதவோரத்தில் ஒரு கொத்துப் புகையும் எட்டிப் பார்க்கும். இதை நான் விசிலை விடப் பெரிதாக எடுத்துக்கொள்வேன். சூட்டில் விறகிலிருந்து எரிவாயு வந்துகொண்டே இருக்கிறது, காற்றோ போதவில்லை. வாயு சேர்ந்து சேர்ந்து, கொஞ்சம் காற்று கிடைத்ததும் ஒரே மூச்சில் பற்றிக்கொள்கிறது. கட்டையை நிறையப் போட்டு, இரவு முழுக்கக் கனிந்துகொண்டே இருக்கட்டும் என்று காற்றை இறுக மூடுகிறவர்கள் வீட்டில் இது அதிகம்.

இதற்குப் போட்டியிடும் வைத்தியங்கள் மூன்று: காற்றைக் கூட்டுவது, ஜன்னலைத் திறப்பது, புகைக்குழாயைத் துடைப்பது. முதலிரண்டும் காசில்லாத சோதனைகள், ஆகவே அவைதான் முதலில். காற்று வாயைக் கொஞ்சம் திறந்ததும் தழல் நிதானமாகி விக்கல் நின்றால் தவறு நம் கையில்தான் இருந்திருக்கிறது. அதற்கும் நிற்கவில்லையென்றால் அதே அறையில் ஒரு ஜன்னலைத் திறந்து ஐந்து நிமிடம் பாருங்கள். சமையலறையில் புகை உறிஞ்சும் விசிறி ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் அடுப்பும் ஒரே காற்றுக்குச் சண்டை போடும். வீடு இறுக்கமாக அடைத்திருந்தால் விசிறிதான் ஜெயிக்கும். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் குழாயில் அடைப்பு. உச்சியிலிருக்கும் வலைமூடி கரி பிடித்து மூடியிருப்பது சகஜம். விக்கல் ஓயும் முன் கதவை மட்டும் படாரென்று திறந்துவிடாதீர்கள். உள்ளே சேர்ந்திருக்கும் வாயு முகத்துக்கு நேரே பற்றும். முதலில் காற்று வாய், பிறகு கதவில் விரலிடுக்கு அளவு, அப்புறம்தான் முழுக்க. அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாதவர்கள் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை வாங்கி மாட்டட்டும்.

‘டிக்... டிக்...’ சத்தத்துக்கு என் சிபாரிசு சும்மா இருப்பது. சூடேறும்போதும் ஆறும்போதும் இரும்பு விரிந்து சுருங்கும். 60 செ.மீ. நீளமுள்ள எஃகுத் தகடு 300 டிகிரி சூடேறினால் சுமார் 2 மி.மீ. நீளும். அந்த 2 மி.மீ. எங்காவது போயாக வேண்டுமே. தகடுகளைப் பற்றவைத்துச் செய்த எஃகு அடுப்பு அதை டிக் டிக்கென்றும், சில நேரம் தகரத்தைத் தட்டியது போல ‘டொப்’ என்றும் சொல்லும். கனமான வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடேறும், அவ்வளவாகப் புலம்பாது. ஆனால் அது நொறுங்கும் ஜாதி. விரிசல் விட்டால் எஃகைப் போல எளிதில் பற்றவைக்க முடியாது. சத்தத்துக்காக மட்டும் எஃகை விட்டு வார்ப்பிரும்புக்கு மாற வேண்டியதில்லை. சிறு நெருப்பாகத் தொடங்கி அரை மணி நேரத்தில் ஏற்றினாலே டொப் பாதியாகக் குறையும்.

உஸ்ஸென்று சீறுவது அடுப்பே அல்ல, உள்ளே இருக்கும் விறகு. கட்டையின் நுனியில் நுரை கொப்பளிப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதை அறிய மீட்டர் வாங்குவதா, இரண்டு கட்டையைத் தட்டிப் பார்ப்பதா? தட்டினால் காய்ந்தது ‘டங்’ என்று கணீரென்று பேசும், பச்சை ‘தொப்’ என்று மங்கிவிடும். ஆனால் காது நடுத்தரமான ஈரத்தில் ஏமாறும், அங்கே மீட்டர்தான் ஜெயிக்கிறது. அதையும் கட்டையின் வெளிப்பக்கம் குத்திப் பார்ப்பது வீண். அப்போதே பிளந்து, புது முகத்தில் குத்த வேண்டும்.

ஈர விறகின் கதை சீறலோடு முடிவதில்லை. புகை குழாயில் 120 டிகிரிக்குக் கீழே ஆறினால் தார் மாதிரி கிரியோசோட்டாகச் சுவரில் படியும். அதுதான் ஒரு நாள் ஹோவென்று இரைந்து பற்றும். இரைச்சல் கேட்டதும் கதவையும் காற்று வாயையும் மூடுங்கள். சில நொடிகளில் அடங்கினால் அதிகப்படியான இழுவைதான், அதாவது குழாய் காற்றை மேலே உறிஞ்சும் வேகம் கூடிவிட்டது; கதவு சரியாக மூடாமல் இருந்திருக்கும். அடங்காமல் ரயில் போவது போல இரைந்தால் குழாய்க்குள் நெருப்பு, அதன் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டக்கூடும். இங்கே ஒப்பிட எதுவுமில்லை. எல்லோரையும் வெளியேற்றி, தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. அணைந்த பிறகும் குழாயைப் பரிசோதிக்காமல் அடுப்பை மூட்டக் கூடாது.

இழுவைதான் காரணம் என்றால் குழாயில் டேம்பர், அதாவது புகை போகும் வழியைக் குறுக்கும் திருப்புதகடு, வைக்கலாம் என்பார்கள். எப்போதும் இழுவை அதிகமாக இருக்கும் உயரமான குழாய்க்கு அது நல்ல யோசனை. காற்றடிக்கும் நாளில் மட்டும் இரைந்தால் டேம்பர் வேண்டாம், உச்சியில் காற்றுத் தடுப்பு மூடி போடுங்கள். இழுவை குறைந்த குழாயில் டேம்பர் வைத்தால் மேலே சொன்ன விக்கல் வந்துவிடும்.

கடைசியாகக் கடகடவென்ற அதிர்வு. வெளியே விசிறி மாட்டிய அடுப்பானால் அதை நிறுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் தூசியோ பேரிங்கோதான். நிற்காவிட்டால் அடுப்பு ஆறிய பிறகு உள்ளே கையை விட்டு, நெருப்புக்கு மேலே இருக்கும் மேல்தடுப்புத் தகடு அதன் இருக்கையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், சூட்டில் வளைந்து நழுவுவது அதன் வழக்கம். நான் அந்தத் தகட்டை மூன்று முறை கழற்றி மாட்டினேன். நாலாவது முறை கழற்றப் போனபோதுதான், அடுப்பின் பக்கவாட்டுக் கொக்கியில் தொங்கிய கிளறுகோல் தானாகவே தாளம் போடுவதைப் பார்த்தேன்.