ரோபோ கிட்டா, ரிச்சி தெரு உதிரி பாகங்களா?

பிள்ளையின் முதல் ரோபோவுக்கு ரெடிமேட் கிட் வாங்குவதா, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போய்ப் பாகங்களைத் தனித்தனியாக வாங்குவதா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டையும் என் மகளோடு செய்து பார்த்தேன்.

செலவு
கிட்: கூடுதல், ஆனால் எல்லாம் ஒரே பெட்டியில்.
உதிரி: குறைவு. வீட்டில் வயர்களைப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இல்லையென்றால் அந்த மிச்சம் அதிலேயே போய்விடும்.

நேரம்
கிட்: ஒரு மாலை.
உதிரி: எங்களுக்கு மூன்று ஞாயிறுகள்.

பழுது
கிட்: போர்டு போனால் அதே கம்பெனியைத் தேட வேண்டும்.
உதிரி: மஞ்சள் கியர் மோட்டார் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

கற்றுக்கொள்வதில்தான் பெரிய வித்தியாசம். எங்கள் உதிரி பாக வண்டி முதலில் நகரவே இல்லை. 9 வோல்ட் சதுர பேட்டரி போட்டிருந்தோம்; மோட்டார்கள் கேட்கும் கரண்ட்டை அதால் தர முடியாது. போதாததற்கு, மோட்டார்களுக்குக் கரண்ட்டைக் கொடுத்து ஓட்டும் எல்298என் டிரைவர் போர்டே சுமார் 2 வோல்ட்டைத் தின்றுவிடும். 3.7 வோல்ட் 18650 லித்தியம் செல் இரண்டைத் தொடராக (ஒன்றன் பின் ஒன்றாக) மாட்டினோம். அப்புறமும் சக்கரம் விட்டு விட்டுச் சுற்றியது. வண்டிக்கு மூளையான ஆர்டுயினோ போர்டின் கிரவுண்டையும் (மைனஸ் இணைப்பு) டிரைவரின் கிரவுண்டையும் ஒரு வயரால் இணைத்தாள் மகள். வண்டி நேராகப் போய்க் கட்டில் காலில் முட்டியது. கிட்டில் இந்தப் பாடம் கிடைக்கவில்லை.

எட்டு, ஒன்பது வயதுக்குக் கிட் போதும். ஏழாம் வகுப்புக்கு மேல், கூட உட்கார ஒரு பெரியவர் இருந்தால் உதிரி பாகங்கள். லித்தியம் செல்லை மட்டும் பெரியவர்களே சார்ஜ் போடுங்கள்.