மார்சியானோவா, ஹோம்ஸா: 49-0உம் 48-0உம்

ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் ராக்கி மார்சியானோவையும் லாரி ஹோம்ஸையும் எடைபோடுபவர்கள் பெரும்பாலும் ஒரே எண்ணில் நின்றுவிடுகிறார்கள்: மார்சியானோ 49 சண்டைகளில் 49 வெற்றியோடு ஓய்வு பெற்றார், ஹோம்ஸோ 48 வெற்றிகளுக்குப் பிறகு மைக்கேல் ஸ்பிங்ஸிடம் தோற்றார். எனினும் பட்டத்துக்கான சண்டைகளை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால் தராசு வேறு பக்கம் சாய்கிறது என்பது என் கணிப்பு.

மார்சியானோ பட்டம் வென்ற விதத்துக்கு ஈடாக ஹோம்ஸிடம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். 1952 செப்டம்பர் 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஜெர்சி ஜோ வால்காட்டுடன் மோதியபோது முதல் சுற்றிலேயே அவர் கீழே விழுந்தார். பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களின் புள்ளிக் கணக்கிலும் பின்தங்கியிருந்தார். பதின்மூன்றாம் சுற்றில், கயிற்றோரம் ஒதுங்கிய வால்காட்டின் தாடையில் மிகக் குறுகிய தூரத்திலிருந்து வலக்கைக் குத்து ஒன்று இறங்க, வால்காட் இடக்கை கயிற்றில் மாட்டியபடி மெல்லச் சரிந்தார். தம் மூக்கு பிளந்து இரத்தம் நிற்காத நிலையில், 1954 செப்டம்பரில் எஸார்ட் சார்ல்ஸை எட்டாம் சுற்றில் வீழ்த்தியதும் அதே பிடிவாதத்தால்தான்.

ஆனால் மார்சியானோ பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது ஆறே முறை. அவர் பட்டம் வென்ற சண்டையின்போது வால்காட்டுக்கு 38 வயது. இறுதியாக மோதிய ஆர்ச்சி மூரும் அந்த வயதை எட்டியவர்தான். ஹோம்ஸ் 1978 ஜூன் 9 அன்று லாஸ் வேகாஸில் கென் நார்ட்டனிடமிருந்து டபிள்யூபிசி (உலகக் குத்துச்சண்டை கவுன்சில்) பட்டத்தைப் பறித்த பிறகு, ஏழு ஆண்டுகளில் இருபது முறை உலகப் பட்டத்தைக் காத்தார். நார்ட்டனுடனான அந்தச் சண்டையில் மூன்று நடுவர்களும் குறித்தது 143-142. இருவர் ஹோம்ஸ் பக்கம், ஒருவர் நார்ட்டன் பக்கம். 1979இல் எர்னி ஷேவர்ஸின் வலக்கைக் குத்தில் ஏழாம் சுற்றில் தரையில் விழுந்தவர், எழுந்து நின்று பதினோராம் சுற்றில் சண்டையை முடித்தார். அவருடைய இடக்கை ஜாப்பை (நேராக நீட்டி விடும் விரைவுக் குத்தை)ப் போல எதிராளியின் திட்டத்தையே குலைத்துவிடும் ஆயுதம் ஹெவிவெயிட்டில் வெகு சிலரிடமே இருந்திருக்கிறது.

ஹோம்ஸுக்கு எதிராகச் சொல்லத்தக்க நியாயமான குறை ஒன்று உண்டு. மார்சியானோ காலத்தில் உலகப் பட்டம் ஒன்றுதான். ஹோம்ஸ் காலத்தில் அது பிளவுபட்டுவிட்டது. அவரே 1983இன் இறுதியில் டபிள்யூபிசி பட்டத்தைத் துறந்து, புதிதாகத் தோன்றிய ஐபிஎஃப் அமைப்பின் சாம்பியனாகத் தொடர்ந்தார்.

தம் ஆதர்ச வீரரை முதுமையில் வீழ்த்த நேர்ந்த துயரம் மட்டும் இருவருக்கும் பொது. 1951இல் 37 வயது ஜோ லூயிஸை எட்டாம் சுற்றில் மார்சியானோ வீழ்த்தினார்; 1980இல், முன்பு தாம் யாருக்குப் பயிற்சித் துணையாக இருந்தாரோ அந்த முகமது அலியை ஹோம்ஸ் பத்துச் சுற்றுகள் அடித்தார். அலியின் மூலையிலிருந்த பயிற்சிக் குழுவினர் சண்டையை நிறுத்தினார்கள். மேடை நடுவர் முன்பே நிறுத்திவிடமாட்டாரா என்று ஹோம்ஸ் தவித்ததை அந்தச் சண்டையின் ஒளிப்பதிவில் இன்றும் காணலாம்.

மார்சியானோ 32 வயதில், 1955 செப்டம்பர் 21 அன்று மூரை வென்றதோடு நிறுத்திக்கொண்டார். சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, 1985 செப்டம்பர் 21 அன்று, 36ஐ நெருங்கிய ஹோம்ஸ், லைட் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்து எடை கூட்டிவந்த ஸ்பிங்ஸிடம் புள்ளிகளில் தோற்றார். மூன்று நடுவர்களில் இருவர் கொடுத்த வித்தியாசம் ஒரே புள்ளி. அந்த ஒரு புள்ளிக்காக, பட்டத்தைக் காத்த இருபது சண்டைகளைக் கீழே இறக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஓர் இரவு மட்டும் பார்க்கக் கிடைத்தால் நான் தேர்ந்தெடுப்பது ஃபிலடெல்ஃபியாவைத்தான். முழுப் பட்டக்காலத்துக்கு என் வாக்கு ஹோம்ஸுக்கு.