நாலு பாட்டில் கிராம் சாயப் பெட்டி: என் வீட்டுத் தயிர் ஏன் முதலில் ரோஜா நிறமானது?

வீட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். "கிராம் பாசிட்டிவ் என்றால் ஊதா, கிராம் நெகட்டிவ் என்றால் ரோஜா" என்று பத்து வருடமாக வாயாலேயே சாயம் ஏற்றிக்கொண்டிருந்தவன், இந்த வருடம் ஒருமுறையாவது கண்ணில் காட்டிவிடுவோம் என்று ஆன்லைனில் பாக்டீரியாக்களைச் சாயமேற்றி நிறத்தால் இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டும் கிராம் ஸ்டெயினிங் கிட் ஒன்று வாங்கினேன். விலை 640 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம், ஏனென்றால் திட்டவும் போகிறேன்.

பெட்டியில் நான்கு பாட்டில்கள்: கிறிஸ்டல் வயலட் (ஊதாச் சாயம்), அயோடின், டீகலரைசர் (ஏறிய சாயத்தைக் கழுவி எடுப்பது), சஃப்ரனின் (ரோஜாச் சாயம்). கூடவே ஒரு செய்முறைத் தாளும், பாக்டீரியா செல்லின் வண்ணப்படம் ஒன்றும். கண்ணாடி ஸ்லைடு கிடையாது, லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே விடும் இம்மர்ஷன் ஆயிலும் கிடையாது. ஆயில் இல்லாமல் 1000 மடங்கு பெரிதாக்கிப் பார்க்க முடியாது, அந்த அளவு பெரிதாக்காமல் பாக்டீரியாவின் வடிவம் சரியாகத் தெரியாது, எனவே இந்த இரண்டையும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டில் மூடிகள் நன்றாக இருந்தன, ஒன்றும் ஒழுகவில்லை. கிறிஸ்டல் வயலட் ஒழுகியிருந்தால் தரையை மறந்துவிட வேண்டியதுதான். சின்ன வயதில் வாய்ப்புண்ணுக்கு நாக்கு, உதடெல்லாம் ஊதாவாகத் தடவிவிடுவார்களே ஜென்ஷியன் வயலட், அதே குடும்பம்தான் இது. என் கட்டைவிரல் நகம் ஐந்தாம் நாளும் ஊதாவாகவே இருந்தது.

முதல் சோதனைக்கு வீட்டுத் தயிர். தயிரில் இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் கிராம் பாசிட்டிவ், அதில் சந்தேகமே இல்லை. ஒரு துளித் தண்ணீரில் தயிரைத் துளியூண்டு கலந்து, ஸ்லைடில் தேய்த்து, காயவைத்து, தீயில் மூன்று முறை காட்டி, தாளில் போட்டிருந்தபடியே ஒவ்வொன்றாக ஊற்றினேன். பார்த்தால் எல்லாமே ரோஜா. பிள்ளைகள் என்னைப் பார்க்கிறார்கள், நான் பாட்டிலைப் பார்க்கிறேன்.

தப்பு தயிரில் இல்லை, தாளில். டீகலரைசரை 30 விநாடி விடச் சொல்கிறது. வெறும் ஆல்கஹாலாக இருந்தால்கூட அது கொஞ்சம் தாராளம்தான். பாட்டில் லேபிளைத் திருப்பிப் பார்த்தால் அசிட்டோன் கலந்தது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அசிட்டோன் கலந்ததற்குச் சில விநாடிகளே போதும். ஆல்கஹாலுக்கான செய்முறையை அச்சடித்து அசிட்டோன் பாட்டிலோடு வைத்து விற்கிறார்கள்.

இது சின்ன அச்சுப்பிழை இல்லை. கிராம் சாயமே இந்த ஒரு படியில்தான் நிற்கிறது. ஊதாவும் அயோடினும் ஏற்றி முடித்த நேரத்தில் இரண்டு வகை பாக்டீரியாவும் ஊதாதான். சாயமும் அயோடினும் செல்லுக்குள் ஒன்றுசேர்ந்து பெரிய கட்டியாகிவிடும். இந்தக் கட்டி வெளியே வர முடிகிறதா இல்லையா என்பதைச் சுவர்தான் தீர்மானிக்கிறது. அந்தச் சுவரின் பெயர் பெப்டிடோகிளைக்கான். கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்த நீளக் கயிறுகள், அவற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டும் சின்னச் சின்ன பெப்டைடு முடிச்சுகள். கட்டிலைச் சுருட்டிப் பையாக மூடினால் அதுதான் செல்சுவர். கிராம் பாசிட்டிவில் இந்தப் பின்னல் அடுக்கடுக்காக 20 முதல் 80 நானோமீட்டர் வரை தடிமன் இருக்கும், டெய்க்காயிக் அமிலம் என்ற இழைகளும் ஊடே ஓடும். ஆல்கஹால் பட்டதும் நீர் இழந்து சுருங்கி ஓட்டைகள் இறுகிவிடும், சாயக்கட்டி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கிராம் நெகட்டிவில் பின்னல் சில நானோமீட்டர்தான். அதற்கு வெளியே கொழுப்பாலான இன்னொரு சவ்வு இருக்கிறது, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும், ஊதா வெளியேறிவிடும். வெளுத்துப்போன அதன் மேல் கடைசியில் சஃப்ரனின் ரோஜா பூசுகிறது. ஆனால் ரொம்ப நேரம் கழுவினால் எவ்வளவு தடித்த சுவரும் தோற்றுவிடும். என் தயிருக்கு நடந்தது அதுதான்.

இரண்டாம் முறை தாளை ஓரமாக வைத்துவிட்டு, ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, வழிவதில் ஊதா வருவது நிற்கும்வரை மட்டும் டீகலரைசரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, உடனே தண்ணீர் ஊற்றினேன். நாலைந்து விநாடிதான் இருக்கும். அப்புறம் பார்க்க வேண்டுமே! கருநீலக் குச்சிகள், மணி கோத்த மாதிரி உருண்டைகள். சாயம் நல்ல தரம், அதில் குறையே சொல்ல முடியாது. இன்னொன்று, தயிர் அன்று உறைந்ததாக இருக்கட்டும். மூன்று நாள் புளித்த தயிரில் பாதி ரோஜாவாக வந்தது. செத்துக்கொண்டிருக்கும் செல்லின் சுவர் சாயத்தைப் பிடித்து வைப்பதில்லை.

ஒரே ஸ்லைடில் இரண்டு நிறமும் பார்க்க வேண்டுமென்றால் பல்குச்சியால் ஈறு ஓரத்து அழுக்கைச் சுரண்டிப் போடுங்கள். ஊதாவும் ரோஜாவும் கலந்து கிடக்கும், நடுவே நம் கன்னத்துச் செல் மைதானம் மாதிரி விரிந்திருக்கும். 1683-ல், தானே செய்த நுண்ணோக்கியால் கிருமிகளைப் பார்த்த ஹாலந்துக்காரர் லீவன்ஹூக்கும் தன் பல் அழுக்கைத்தான் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார், ஆனால் அவரிடம் சாயம் இல்லை. கிராம் தன் முறையை வெளியிட்டது 1884-ல். பெர்லினில் நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமியைத் தனியாகக் காட்ட வழி தேடிய டென்மார்க் டாக்டர் அவர். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமலே கண்டுபிடித்தது இது.

அந்த வண்ணப்படத்துக்கு வருகிறேன், எனக்கு நிஜமாகவே கோபம் வந்த இடம் அது. கிராம் சாயப் பெட்டிக்குள் வைக்கும் படத்தில் சுவரை ஒற்றைக் கோடாக வரைந்திருக்கிறார்கள். எந்த வகையின் சுவர், எவ்வளவு தடிமன், வெளிச்சவ்வு உண்டா, எதுவும் இல்லை. ஆனால் உள்ளே மீசோசோமை மட்டும் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று போட்டிருக்கிறார்கள். அது செல்லில் இயல்பாக இருக்கும் உறுப்பே இல்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காக வேதிப்பொருளில் செல்லைப் பதப்படுத்தும்போது சவ்வு மடிந்து உண்டாகும் தோற்றம் என்று தெரிந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. தேர்வில் கேட்டால் எழுதிவிட்டு வாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், வேறு என்ன செய்ய.

படத்தைப் பார்த்துவிட்டு ரைபோசோம், டி.என்.ஏ எல்லாம் தெரியும் என்று நினைத்து வாங்காதீர்கள். ரைபோசோம் சுமார் 20 நானோமீட்டர்தான், சாதாரண நுண்ணோக்கிக்கு எட்டாது. டி.என்.ஏ.வும் இந்தச் சாயத்தில் தனியாகத் தெரியாது. இத்தனைக்கும் நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைப் பிரித்து நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டர் வரும், செல்லின் நீளமோ இரண்டு மைக்ரோமீட்டர். அவ்வளவையும் உட்கரு உறை எதுவும் இல்லாமல் சுருட்டி மடித்து வைத்திருக்கிறது.

உள்ளே இருப்பதில் இந்தப் பெட்டியால் காட்ட முடிந்த ஒன்றே ஒன்று வித்து (ஸ்போர், கஷ்டகாலத்தைத் தாங்கச் சில பாக்டீரியாக்கள் உள்ளே உண்டாக்கும் உறங்கும் வடிவம்), அதுவும் சாயம் ஏறாததால் தெரிவது. மாட்டுக்குப் போடும் வைக்கோலைத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, மூடி, மூன்று நாள் விட்டேன். கொதித்தும் சாகாத பேசில்லஸ் வித்துகள் முளைத்து மேலே ஏடு கட்டியது. அதை எடுத்துச் சாயமிட்டால் ஊதாக் குச்சிக்குள் வெள்ளை ஓட்டை மாதிரி ஒன்று. வித்தின் உறை அவ்வளவு இறுக்கம், சாயம் உள்ளே போகவில்லை. அன்றைக்கு ஒரு பெண் நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்கவே மறுத்துவிட்டாள். (பார்த்து முடித்ததும் அந்தத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கரைத்து, கொஞ்ச நேரம் விட்டுக் கொட்டுங்கள்.)

பெட்டி மேல் "அனைத்து பாக்டீரியாக்களுக்கும்" என்று அச்சிட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். காசநோய்க் கிருமியின் சுவரில் மைக்காலிக் அமிலம் என்ற மெழுகு இருப்பதால் இந்தச் சாயம் சரியாக ஏறாது, அதற்கு ஜீல்-நீல்சன் என்ற வேறு சாய முறைதான். மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்குச் சுவரே கிடையாது. அதனால்தான் சுவர் முடிச்சுகளைப் போடவிடாமல் தடுக்கும் பெனிசிலின், அமாக்ஸிசிலின் வகையறா அதனிடம் எடுபடுவதில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், முழுக்கச் சாயத்துக்காக. தாளுக்கும் படத்துக்கும் பூஜ்யம். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ஸ்பிரிட் விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பாட்டிலைத் திறங்கள். ஆறு வகுப்பு முடிந்தபோது மற்ற மூன்றும் முக்காலுக்கு மேல் மிச்சம், டீகலரைசர் மட்டும் அடியில் நின்றது. அது தனியாகக் கிடைத்தால் கூடவே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.