திருத்தாத 17 விடைத்தாள்கள்: எங்கள் பள்ளிக்கு வந்த துக்க ஆலோசனைக் குழு பற்றி

எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியர் போன ஆண்டு அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை இறந்துபோனார். காலை இறைவணக்கக் கூட்டத்தில், குறள் சொல்ல வந்த பையனின் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டு அனுப்பியவர். இரண்டாவது பாடவேளையில் ஒன்பதாம் வகுப்பில் நாற்காலியிலேயே சரிந்துவிட்டார். 108 வண்டி வந்தது. வழியிலேயே உயிர் போய்விட்டது. 46 வயது.

தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளி இது. 312 பிள்ளைகள், 14 ஆசிரியர்கள். நான் தமிழாசிரியை. அந்த வாரமும் அடுத்த வாரமுமாக எங்களிடம் இரண்டு குழுக்கள் வந்தன. இரண்டைப் பற்றியும் எழுதுகிறேன். இப்படி ஒரு திங்கட்கிழமை எந்தப் பள்ளிக்கும் வரலாம். யாரைக் கூப்பிடுவது, வருகிறவர்களிடம் என்ன கேட்பது என்று எங்களில் ஒருவருக்கும் அன்று தெரியவில்லை.

முதல் குழு புதன்கிழமை வந்தது. நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்கள் என்று நம்புகிறேன். ஆனால் 312 பேரையும் ஒன்றாக மரத்தடியில் உட்காரவைத்து, மைக்கில் கண்ணை மூடச் சொல்லி, சாரை நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு பிள்ளை விம்ம, பக்கத்தில் இருந்த பிள்ளை விம்ம, பத்து நிமிடத்தில் கூட்டமே அழுதது. இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். "சார் நிம்மதியாகத் தூங்குகிறார்" என்று சொல்லி முடித்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா வாசலில் வந்து நின்றார். பையன் இரவு முழுக்கப் படுக்கவே இல்லையாம். "தூங்கினா எந்திரிக்க மாட்டேன்னு பயமா இருக்கு"ன்னு சொல்றான் டீச்சர் என்றார். எனக்குத் தாங்கவில்லை.

அன்று இரவு எனக்கும் தூக்கம் வரவில்லை. பதினோரு மணிக்கு 14416 எண்ணை அழைத்தேன். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை அது. கட்டணம் இல்லை, இரவிலும் எடுக்கிறார்கள், தமிழில் பேசலாம். எனக்காகத்தான் அழைத்தேன். எடுத்த பெண் முதலில் கேட்டது, "சாப்பிட்டீர்களா அம்மா?" அரை மணி நேரத்துக்கு மேல் நான் பேசக் கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளியைப் பற்றிச் சொன்னதும், மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருக்கும் மாவட்ட மனநலத் திட்டத்தில் விசாரிக்கச் சொன்னார். அங்கிருந்த சமூகப் பணியாளர் வழியாகத்தான் இரண்டாவது குழு எங்களுக்குக் கிடைத்தது.

ஐம்பதை ஒட்டிய ஓர் அம்மாவும் ஓர் இளைஞரும். பேருந்தில் வந்து இறங்கினார்கள். பிள்ளைகளைப் பார்க்க அவர்களை அழைத்துப்போகலாம் என்று நாங்கள் நின்றால், முதலில் ஆசிரியர்களோடு உட்காரவேண்டும் என்றார்கள். ஒன்றரை மணி நேரம். அதுவரை கல்போல இருந்த எங்கள் தலைமையாசிரியர் அன்றுதான் அழுதார். அந்த அம்மா அப்போது கேட்டதை நான் மறக்கவில்லை. "ஊரில் சாவு விழுந்தால் பெரியவர்களைத் தேடி வந்து கையைப் பிடித்துத் துக்கம் விசாரிக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளிடம் யார் வந்து விசாரித்தார்கள்?"

ஒருவரும் விசாரிக்கவில்லை. மாலை வாங்கினோம், கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டினோம், விடுமுறை விட்டோம். பிள்ளைகளை அழாதே என்றோம், அவ்வளவுதான்.

மறுநாள் ஒவ்வொரு வகுப்பிலும் அந்தந்த வகுப்பாசிரியரே பேசவேண்டும், எல்லா வகுப்பிலும் ஒரே செய்தியைச் சொல்லவேண்டும் என்று ஐந்து வரி எழுதிக் கொடுத்தார்கள். அதில் "காலமானார்", "சாமியிடம் போய்விட்டார்" எதுவும் இல்லை. "சார் இறந்துவிட்டார். அவருடைய இதயம் நின்றுவிட்டது. இனி வரமாட்டார்." படிக்கும்போது நாக்கு கூசியது. ஆனால் சொன்ன பிறகு பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். வலித்திருக்குமா, எங்கள் அப்பாவுக்கும் வருமா, தொட்டுப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளுமா. மரத்தடியில் அழுத கூட்டத்தில் ஒரு கேள்விகூட எழவில்லை.

கண்ணெதிரே பார்த்த ஒன்பதாம் வகுப்புக்குத் தனியாக நேரம் ஒதுக்கினார்கள். என்ன பார்த்தாய் என்று யாரையும் சொல்லவைக்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில் பார், கேள், இணை என்று மூன்றே சொல் இருக்கிறது, நடந்ததைத் திரும்பச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்பதும் அதில் உண்டு என்று இளைஞர் விளக்கினார். வட்டமாக உட்கார்ந்தார்கள். பேச விரும்பாதவன் கையில் ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம்.

ஒரு பையன் இரண்டு நாளும் கல்லைக் கீழே வைக்கவில்லை. மூன்றாம் நாள் சொன்னான்: "அன்னிக்கு நான் வீட்டுப்பாடம் எழுதல. சார் என்னைத் திட்டினார். நான்தான் அவருக்கு பிரஷர் ஏத்திட்டேன்." எனக்கு உடனே ஓடிப்போய் அப்படியெல்லாம் இல்லைடா என்று சொல்லத் தோன்றியது. அந்த அம்மா கண்ணாலேயே என்னை நிறுத்தினார். பையனை முழுக்கச் சொல்லவிட்டார். பிறகு எங்கள் அறிவியல் ஆசிரியரை அழைத்துப் பலகையில் இதயத்தை வரையச் சொன்னார். இரத்தக்குழாயில் கொழுப்பு எப்படிப் படிகிறது, அதற்கு எத்தனை வருடம் ஆகிறது என்று அரை மணி நேரம் பாடம் நடந்தது. பையன் கேட்டான், "அப்ப நான் எட்டாவது படிக்கும்போதே அடைச்சிருக்குமா சார்?" அதற்கும் முன்னாலேயே தொடங்கியிருக்கும் என்றார் அறிவியல் ஆசிரியர். பையன் கல்லைத் தரையில் வைத்தான்.

அப்புறம் அந்த விடைத்தாள்கள். ஒன்பதாம் வகுப்பின் காலாண்டுத் தேர்வுத் தாள்கள் 38, சாரின் அலமாரியில் இருந்தன. 21 திருத்தியிருந்தார், 17 அப்படியே இருந்தன. வேறு ஆசிரியரைக் கொண்டு திருத்திக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். பிள்ளைகளிடம் கேளுங்கள் என்றார்கள் குழுவினர். கேட்டோம். தாளில் வேறு யாரும் சிவப்பு மையால் எழுதக் கூடாது, மதிப்பெண்ணைத் தனித்தாளில் கொடுங்கள் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். 17 பேரில் ஒருத்தி, எனக்கு மட்டும் சார் கையெழுத்து இல்லையே என்று அழுதாள். உடனே மற்ற பிள்ளைகள் அவளுடைய பழைய நோட்டுகளை எல்லாம் புரட்டி, ஜூலை மாத வீட்டுப்பாடத்தில் ஒரு கையெழுத்தைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். மற்ற 16 பேரும் அன்று மாலை வீட்டில் தேடினார்கள்.

குறைகளையும் சொல்லவேண்டும், அவர்களிடமே சொல்லியும் இருக்கிறேன். காலையில் சாருக்குக் கடைசித் தேநீர் போட்டுக் கொடுத்தவர் சத்துணவுச் சமையலர் அக்கா. அவரையும் துப்புரவுப் பணி செய்யும் அம்மாவையும் யாரும் கூப்பிடவில்லை. ஆசிரியர், மாணவர் என்ற கணக்கிலேயே நிகழ்ச்சி நடந்தது. அக்கா இரண்டு வாரம் தேநீர்ப் பாத்திரத்தையே தொடவில்லை என்பது எங்களுக்கே பிறகுதான் தெரியும். பெற்றோர் கூட்டத்தைப் பகல் பதினோரு மணிக்கு வைத்தார்கள். குறுவை அறுப்பும் சம்பா நடவும் ஒன்றாக ஓடும் மாதம், யார் வருவார்கள்? 22 பேர்தான் வந்தார்கள். மாலை ஏழு மணிக்கு வைத்திருந்தால் பாதிப் பேராவது வந்திருப்பார்கள்.

பெரிய குறை மூன்றே நாளில் முடித்துக்கொண்டது. டிசம்பரில் அரையாண்டுக் கணக்குத் தேர்வன்று காலை மூன்று பிள்ளைகள் வயிற்றுவலி என்று சுருண்டார்கள், ஒருத்தி வாந்தி எடுத்தாள். நான் போன் செய்தபோது அந்த அம்மா வேறு மாவட்டத்தில் இருந்தார், வரப் பத்து நாள் ஆயிற்று. ஆனால் துக்கம் உடம்பிலும் தெரியும், வயிற்றுவலி, தலைவலி, தூக்கம் கெடுவது இவற்றைக் கவனியுங்கள், நாள்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள் என்று அக்டோபரிலேயே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை. தேர்வை அரை மணி நேரம் தள்ளிவைத்து, சாரைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு எழுதவைத்தோம்.

கட்டணம் வாங்கவில்லை. பேருந்துச் செலவையும் மதிய உணவையும் நாங்கள் பார்த்துக்கொண்டோம். அவர்கள் ஒரு புகைப்படம்கூட எடுக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்லவேண்டும்.

நினைவு நாள் நடத்தலாமா, ஆறிய புண்ணைக் கிளறுவதாகிவிடுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் கும்பகோணத்தைச் சொன்னார். 2004 ஜூலை 16 பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். நான் அப்போது தஞ்சாவூரில் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எங்கள் விடுதியில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அந்தப் பெற்றோர் இன்றும் ஜூலை 16 வந்தால் பிள்ளைகளின் படங்களை வைத்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். "மறைத்து வைத்தால் பிள்ளைகள் தனியாக நினைத்துக்கொண்டிருப்பார்கள், சேர்ந்து நினைப்பது நல்லது" என்றார்.

அக்டோபரில் ஓராண்டு ஆகிறது. இப்போதே தேதியைச் சொல்லி அவர்களை அழைத்திருக்கிறேன். பெற்றோரை மாலை ஏழு மணிக்கு வரச் சொல்வோம், சமையலர் அக்காவும் வட்டத்தில் உட்காரவேண்டும் என்றேன். சரி என்றார். அக்காவிடம் போய்ச் சொன்னேன். அன்றைக்கு எல்லாருக்கும் தேநீர் நான்தான் போடுவேன் என்றார்.