‘போர்வீரன் ஜீன்’ சோதனை: காசு கொடுத்து வாங்கலாமா?

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பினால் எம்ஏஓஏ மரபணு உங்களிடம் எந்த வகை என்று சொல்வார்கள். வன்முறையோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் இந்த மரபணுவுக்குத்தான் ‘போர்வீரன் ஜீன்’ என்று பட்டப்பெயர். வாங்கும் முன் கேளுங்கள்: பிசிஆர் முறையா (மரபணுத் துண்டை நகலெடுத்து அளப்பது), சிப் முறையா (டிஎன்ஏவில் குறித்த சில எழுத்துகளை மட்டும் பார்ப்பது)? இந்த மரபணுவின் முன்பகுதியில் 30 எழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். 3 முறை வந்தால் குறைந்த செயல்பாடு, 4 என்றால் அதிகம். சாதாரண சிப் இதை நேரடியாக எண்ணாது, ஊகிக்கத்தான் முடியும்.

பெரிய குறை அறிக்கையில்தான். நியூசிலாந்தின் டனீடனில் வளர்ந்த ஆண்களைப் பற்றிய 2002 ஆய்வில், குறைந்த செயல்பாட்டு வகையோடு சிறுவயதுக் கொடுமையும் சேர்ந்தபோது வன்முறை தெளிவாகக் கூடியது. கொடுமை நேராதவர்களிடம் அந்த வகை மட்டும் எதையும் கூட்டவில்லை. அப்படியிருக்க, வளர்ந்த சூழலைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காத அறிக்கையை வைத்து என்ன செய்வது? பிள்ளைகளுக்கு வாங்கவே வாங்காதீர்கள், பாவம், வீண் முத்திரை விழும்.